சாஸ் முதல் ராப் வரை: துருக்கியின் எதிர்ப்புப் பாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கிப் பாட்டு கேட்க வருகிறவர்கள் முதலில் காதல் பாட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பே இல்லை. ஆனால் அதே மொழியில், அதே ராகங்களில், பாடியவரைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோன பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த மரபு எங்கே தொடங்குகிறது?

துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் கிராமங்களில். ஊர் ஊராகப் போய், தோளில் மாட்டிய ‘சாஸ்’ என்னும் நரம்புக் கருவியை மீட்டி, தானே கட்டிய பாட்டைப் பாடுபவரை அங்கே ‘ஆஷிக்’ என்பார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் காதலில் விழுந்தவர். யாழைத் தூக்கிக்கொண்டு அலைந்த நம் பாணர்களை நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபடும். ஒரு பெரிய வித்தியாசம், ஆஷிக் பரிசிலுக்காக அரசனைத் தேடிப் போனவர் அல்ல. அவருக்குக் கேட்பவர்கள் ஊர் ஜனங்கள்தான். எனவே வரி வாங்க வந்தவன், நிலத்தைப் பிடுங்கியவன், நியாயம் தவறிய காஜி எல்லாரும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

இன்னொரு வழக்கம் உண்டு. கடைசிச் சரணத்தில் ஆஷிக் தன் பெயரைச் சொல்லித்தான் பாட்டை முடிப்பார். ‘மஹ்லஸ்’ எனப்படும் புனைபெயர் அது. இதை வெறும் முத்திரை என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. ‘இதைச் சொன்னது நான்தான்’ என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்வது அது. துருக்கியின் எதிர்ப்புப் பாட்டு வரலாறு முழுக்க இந்தப் பெயர் சொல்லும் துணிச்சலும், அதற்குக் கொடுத்த விலையும்தான்.

சாஸ், பாலாமா இரண்டும் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ‘பாலாமா’ என்ற பெயர் ‘கட்டுதல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நீண்ட கழுத்தில், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகளை நரம்பால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரங்களும் இதில் கிடைக்கும். இஸ்லாத்துக்குள் தனி வழியில் போகும் அலெவி மக்களுக்கு இது வெறும் வாத்தியமல்ல. ‘நரம்பு கட்டிய குர்ஆன்’ என்றே இதைச் சொல்வார்கள். அவர்களுடைய ‘ஜெம்’ என்னும் வழிபாட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்திருக்க, சாஸ் இசையும் பாட்டும்தான் சடங்கை நடத்திச் செல்லும். சன்னி முஸ்லிம் பெரும்பான்மையும் அரசும் காலங்காலமாகச் சந்தேகத்தோடு பார்த்த சமூகம் அது. அப்படிப்பட்ட சமூகத்தின் வழிபாட்டுப் பாட்டே எதிர்ப்புப் பாட்டாகவும் ஆனதில் வியப்பில்லை.

பீர் சுல்தான் அப்தால் யார்? எல்லாரும் அவர் பெயரையே சொல்கிறார்களே?

16ஆம் நூற்றாண்டு. சிவாஸ் பகுதியில் பனாஸ் என்ற ஊர்க்காரர். இயற்பெயர் ஹைதர் என்பது மரபு. ஒட்டோமான் அரசை எதிர்த்த அலெவிக் கவிஞர். அவரைத் தூக்கிலிட்டவன் ஹிஸிர் பாஷா. இந்த ஹிஸிர் ஒரு காலத்தில் அவருடைய சீடனாக இருந்து, பின்னர் இஸ்தான்புல் போய்ப் பதவி பெற்றுத் திரும்பியவன் என்று மக்கள் கதை சொல்கிறது.

அந்தக் கதையில் ஓர் இடம். தூக்குமேடைக்குப் போகும் வழியில் அவர் மேல் கல்லெறியச் சொல்லி ஜனங்களுக்கு உத்தரவு. எல்லாரும் எறிகிறார்கள். நெருங்கிய நண்பர் ஒருவருக்குக் கல்லெறிய மனமில்லை, எறியாமலும் இருக்க முடியவில்லை. ஒரு ரோஜாவை எறிகிறார். ‘ஊரார் எறிந்த கல் வலிக்கவில்லை, நண்பன் எறிந்த ரோஜாதான் காயப்படுத்துகிறது’ என்று பீர் சுல்தான் பாடியதாக இன்றைக்கும் பாடுகிறார்கள். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் 400 வருஷத்துக்கு மேலாக இந்த ரோஜா வாடாமல் இருக்கிறது. ‘திரும்புகிறவன் திரும்பட்டும், என் பாதையை விட்டு நான் திரும்ப மாட்டேன்’ என்ற அவருடைய வரியும் அப்படித்தான்.

அவர் தனி ஆளல்ல. 19ஆம் நூற்றாண்டில், மேய்ச்சல் பழங்குடிகளைப் படையை அனுப்பி ஓரிடத்தில் குடியமர்த்த ஒட்டோமான் அரசு முனைந்தபோது, அவ்ஷார் குலத்தைச் சேர்ந்த தாதாலோலு ‘ஆணை சுல்தானுடையது, மலைகள் எங்களுடையவை’ என்று பாடினார்.

பெண்களின் குரல் எங்கே?

நிறைய இருக்கிறது, பெயரில்லாமல். நாட்டுப்பாட்டைத் துருக்கியில் ‘துர்க்கூ’ என்பார்கள். அதில் கணிசமானவை பெண்கள் வேலை செய்துகொண்டே கட்டியவை. எனக்கு மிகவும் பிடித்தது ‘புர்ச்சாக் தர்லாசி’. புர்ச்சாக் என்பது கொள்ளு மாதிரி ஒரு தீவனப் பயறு. அறுக்காமல் கையால்தான் பிடுங்க வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் விடியற்காலையில் எழுகிறாள். காதில் பாங்கு சத்தம் விழுகிறது. இது பாங்கல்ல, புர்ச்சாக் வயலின் ஒப்பாரி என்கிறாள். கையை வீசினால் முள் குத்துகிறது, உடனே மாமியாருக்கு ஒரு சாபம் விழுகிறது. இந்த ஆளுக்கு எத்தனை வயல் பாருங்கள் என்று ஒரு வரி. சுல்தானும் இல்லை, புரட்சியும் இல்லை. ஆனால் உழைப்பு, சொத்து, குடும்பம் மூன்றையும் ஒரு முள் குத்தலில் சொல்லிவிட்ட பாட்டு.

1964இல் துலாய் கெர்மான் என்ற பாடகி இதை மேற்கத்திய வாத்தியங்களோடு பாடினார். அனடோலிய பாப், அனடோலிய ராக் என்று பின்னர் வளர்ந்ததற்கு அதுதான் முதல் படி என்று பலரும் சொல்வார்கள்.

கிராமத்துப் பாட்டு நகரத்துக்கு எப்படி வந்தது?

முக்கியமான ஆள் ருஹி சு. 1912இல் வான் நகரில் பிறந்து அநாதையாக வளர்ந்தவர். அங்காரா அரசு ஓபெராவில் பாடியவர். ஓபெராவில் பழக்கிய அந்தக் கனத்த குரலைக் கொண்டுபோய்ப் பீர் சுல்தான் பாட்டில் வைத்தார். கம்யூனிஸ்ட் கட்சி வழக்கில் 1952இல் கைதாகி 5 வருஷம் சிறையில் இருந்தார். கடைசிக் காலத்தில் புற்றுநோய். வெளிநாட்டில் சிகிச்சை பெறப் பாஸ்போர்ட் கேட்டார். இழுத்தடித்து, இனிப் பயனில்லை என்ற நிலையில் கொடுத்தார்கள். 1985 செப்டம்பர் 20இல் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தைத்தான் 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு இஸ்தான்புல் பார்த்த முதல் பெரிய எதிர்ப்புக் கூட்டம் என்பார்கள்.

அப்புறம் மின்கிட்டார் வந்தது. தாதாலோலுவின் மலைப் பாட்டை 1970இல் ராக் இசையில் பாடிய ஜெம் கராஜா, 1975இல் ‘தாமிர்ஜி சிராய்’ பாடினார். மெக்கானிக் கடைப் பையன் ஒருவன், காரைப் பழுதுபார்க்க வந்த பணக்காரப் பெண்மேல் ஆசைப்படுகிறான். நாவல்களில் படித்தது போல நடக்கும் என்று நம்பி, அவள் காரை எடுக்க வரும் நாளில் அழுக்கு உடையை மாற்றிக்கொண்டு காத்திருக்கிறான். அவள் வந்து பார்த்துவிட்டு, ‘யார் இந்தப் பொறுக்கி?’ என்கிறாள். கண் கலங்கி நிற்பவன் முதுகைத் தட்டி முதலாளி சொல்கிறார்: நாவல்களை மற, நீ தொழிலாளி, தொழிலாளியாகவே இரு, உடுப்பை மாட்டு. ஆறுதலா அவமானமா என்று பிரிக்க முடியாத குரலில் ஜெம் கராஜா அந்த இடத்தைப் பாடுவார்.

பாடகி செல்தா பாஜானை அமெரிக்க ராப்பர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு பாட்டு கைமாறிய கதை இது. மராஷ் பக்கத்து ஆஷிக் மஹ்ஸுனி ஷெரீஃப் ‘இன்ஜே இன்ஜே’ என்று ஒரு பாட்டுக் கட்டினார். பொடிப்பொடியாகப் பனி பெய்கிறது, ஏழைகளின் மேல் பெய்கிறது என்று தொடங்கும். மஹ்ஸுனி என்ற புனைபெயருக்கே ‘துயருற்றவன்’ என்பதுதான் பொருள். அதை 1976இல் செல்தா தன் இசைத்தட்டில் பாடினார். மின்சாரம் ஏற்றிய சாஸ் கரகரவென்று சீறிக்கொண்டு வர, நடுவே அந்தக் குரல் எழும். 2009இல் அமெரிக்க ராப்பர் மோஸ் டெஃப் அந்தத் துண்டை வெட்டித் தன் ‘சூப்பர்மேஜிக்’ பாட்டுக்கு அடித்தளமாக்கினார். மால்கம் எக்ஸின் பேச்சோடு தொடங்கும் பாட்டு அது. பிறகு டாக்டர் டிரேயும் அதே பாட்டை எடுத்துக்கொண்டார்.

செல்தா அங்காராவில் இயற்பியல் படித்தவர். 1981க்கும் 1984க்கும் நடுவே மூன்று முறை சிறைக்குப் போனார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்து 1987இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

1980இல் என்ன நடந்தது?

செப்டம்பர் 12 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சுமார் 6,50,000 பேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், 50 பேரைத் தூக்கிலிட்டார்கள். இசைக்காரர்களில் சிலர் சிறைக்கும் சிலர் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஜெம் கராஜா அதற்கு முந்தைய வருஷமே ஜெர்மனியில் இருந்தார். மே தினப் பாட்டு பாடியதுகூட அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு. ‘திரும்பி வா’ என்று உத்தரவு போட்டார்கள், வரவில்லை. அப்பா இறந்தபோது அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. 1983இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1987இல்தான் ஊர் திரும்பினார்.

அந்த மே தினப் பாட்டு, சர்பர் ஓஸ்சான் 1974இல் ஒரு நாடகத்துக்காக அமைத்தது. நாடகம் மறந்துபோனாலும் பாட்டு வீதியில் நிற்கிறது.

குர்திய மொழியில் பாடுவது குற்றமாக இருந்ததா?

ஆம். 1983இல் வந்த 2932ஆம் எண் சட்டம் அந்த மொழியில் பாட்டு, எழுத்து, ஒலிபரப்பு எல்லாவற்றையும் தடுத்தது. 1991இல்தான் அது நீங்கியது. அதற்குள் குர்தியப் பாடகர் ஷிவான் பெர்வெரின் கேசட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பதிவாகி வீடு வீடாக ஒளிந்து பயணம் செய்தன. அவர் 1976இலேயே நாட்டை விட்டு வெளியேறியிருந்தார்.

சட்டம் போன பிறகும் வெறுப்பு போகவில்லை என்பதற்கு அஹ்மத் காயாவே சாட்சி. மலாத்யாவில் பிறந்தவர், அப்பா குர்தியர். துருக்கிய மொழியில் பாடியே லட்சக்கணக்கான ரசிகர்களைப் பெற்றவர். 1999 பிப்ரவரி 10 அன்று இஸ்தான்புல்லில் ஒரு விருது விழா. விருதை வாங்கிக்கொண்டு, ‘அடுத்த ஆல்பத்தில் ஒரு குர்தியப் பாட்டு பாடப்போகிறேன், அதற்கு வீடியோவும் எடுப்பேன், அதை ஒளிபரப்பத் துணிந்தவர்கள் இருப்பார்கள்’ என்றார். அவ்வளவுதான். சக கலைஞர்களும் பிரபலங்களும் நிறைந்த கூடம் கத்தத் தொடங்கியது. மேஜைகளிலிருந்து முள்கரண்டியும் கத்தியும் பறந்தன. நாட்டுப்பற்றுப் பாட்டுகளை எழுந்து நின்று பாடினார்கள். மனைவியோடு அவரைப் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டியிருந்தது. சில மாதங்களில் பாரிஸ் போனார். அவர் இல்லாமலே வழக்கு நடந்து 3 வருஷம் 9 மாதம் தண்டனை விதித்தார்கள். 2000 நவம்பர் 16இல் மாரடைப்பால் இறந்தார். வயது 43. கல்லறை இன்றும் பாரிஸின் பெர் லஷேஸில் இருக்கிறது. 2013இல் குடியரசுத் தலைவரின் கலை விருதை அவருக்கு இறப்புக்குப் பின் கொடுத்தார்கள். அந்த இரவின் காணொளி இணையத்தில் இருக்கிறது. ஒருமுறைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

சிவாஸ் 1993 என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1993 ஜூலை 2. பீர் சுல்தான் அப்தால் பெயரில் நடந்த பண்பாட்டு விழாவுக்கு ஆஷிக்குகளும் எழுத்தாளர்களும் சிவாஸ் வந்து மதிமாக் என்ற ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து திரண்ட மதவெறிக் கும்பல் மணிக்கணக்கில் ஹோட்டலைச் சூழ்ந்து நின்று தீ வைத்தது. விழாவுக்கு வந்தவர்களில் 33 பேரும், ஹோட்டல் ஊழியர்கள் 2 பேரும் இறந்தார்கள். முஹ்லிஸ் அகர்சு, நெசிமி சிமென், எதிபெ சுலாரி போன்ற பெரிய பாடகர்களும் இறந்தவர்களில் உண்டு. ஹஸ்ரத் குல்தெகினுக்கு வயது 22. மீட்டுகோல் இல்லாமல் விரல்களாலேயே சாஸ் வாசிக்கும் முறையில் அந்த வயதிலேயே தேர்ந்தவர். பீர் சுல்தானைத் தூக்கிலிட்ட அதே ஊர். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 2க்கும் அந்தக் கட்டடத்தின் முன் கூடுகிறார்கள்.

இதெல்லாம் இடதுசாரிகளின் சொத்து மட்டும்தானா?

பெரும்பங்கு அவர்களுடையது. ஆனால் தேசியவாத வலதுசாரிகளுக்கும் சாஸ் எடுத்த பாடகர் இருந்தார். ஓசான் ஆரிஃப் அப்படிப்பட்டவர். 1980 புரட்சிக்குப் பிறகு அவரும் ஜெர்மனியில்தான் வாழ நேர்ந்தது. ஆட்சியைக் கேள்வி கேட்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் கையில் அதே வாத்தியம்தான்.

அராபெஸ்க் என்ற பாட்டு வகை எதிர்ப்புப் பாட்டில் சேருமா?

என்னைக் கேட்டால், பாதி சேரும். கிராமத்திலிருந்து பிழைக்க வந்து நகரத்து ஓரத்தில் குடிசை போட்டவர்களின் புலம்பல் அது. ஓர்ஹான் கென்ஜெபாய் ‘இந்த உலகம் மூழ்கிப் போகட்டும்’ என்று பாடினார். அரசு வானொலி, தொலைக்காட்சியில் அந்த வகைப் பாட்டுக்கு இடமில்லாமல் இருந்தது. ஆனால் அதில் குற்றவாளி எப்போதும் விதிதான்.

‘க்ரூப் யோரும்’ பாடகர்கள் ஏன் உண்ணாவிரதம் இருந்து இறந்தார்கள்?

1985இல் மர்மரா பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் தொடங்கிய குழு இது. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயர் மாறாது. 2010இல் இஸ்தான்புல் இனோனு மைதானத்தில் அவர்கள் பாடியபோது 55,000 பேர் வந்தார்கள். தடைசெய்யப்பட்ட ஆயுதக் குழு ஒன்றோடு தொடர்புடையவர்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. குழு அதை மறுத்தது. நிகழ்ச்சிகளுக்குத் தடை, அவர்களுடைய ‘இதில்’ என்ற பெயருள்ள பண்பாட்டு மையத்தில் மீண்டும் மீண்டும் சோதனை, உடைந்த வாத்தியங்கள், சிறை.

தடையை நீக்குங்கள், சிறையில் இருப்பவர்களை விடுங்கள், வழக்குகளைக் கைவிடுங்கள் என்று கேட்டு உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஹெலின் போலெக் 288ஆம் நாளில், 2020 ஏப்ரல் 3 அன்று, 28 வயதில் இறந்தார். இப்ராஹிம் கோக்செக் 323 நாள் இருந்து, மே 5 அன்று உண்ணாவிரதத்தை முடித்தார். இரண்டு நாளில் அவரும் இறந்தார். அவர்களுடைய அரசியலை ஏற்பவர், ஏற்காதவர் இருக்கலாம். அவர்கள் கேட்டது பாட மேடை.

கெஸி போராட்டத்தில் பாட்டு இருந்ததா?

2013இல் இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்து கெஸி பூங்காவைக் காக்கத் தொடங்கிய போராட்டம் அது. இரவானால் ஜன்னலோரம் நின்று பாத்திரம் தட்டினார்கள். ‘பானை, சட்டி, எப்போதும் அதே மெட்டு’ என்று அப்போதைய பிரதமர் எர்தோவான் தட்டிக்கழித்துப் பேசினார். உடனே கர்தெஷ் துர்க்கூலர் குழு, சமையலறையில் கிடைத்த பானை, சட்டி, கரண்டி, கண்ணாடிக் குப்பிகளையே வாத்தியமாக்கி ஒரு பாட்டுப் பதிவு செய்து வெளியிட்டது. பெயர் ‘பானை சட்டி மெட்டு’. கேட்டால் நம் கையும் பக்கத்தில் இருக்கும் தம்ளரைத் தேடும்.

துருக்கிய ராப் ஜெர்மனியில் பிறந்தது என்பது உண்மையா?

உண்மைதான். 1961 ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்து தொழிலாளர்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கே வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள்தான் முதலில் ராப் பாடினார்கள். 1992இல் மோல்னில் துருக்கியர் வீடுகளுக்குத் தீ வைத்ததில் 3 பேர், 1993இல் சோலிங்கனில் பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் இறந்தார்கள். அந்தக் கோபத்திலிருந்து 1995இல் ‘கார்டெல்’ ஆல்பம் வந்தது. ஜெர்மனியில் நிறவெறிக்கு எதிரான அந்தக் குரலைத் துருக்கிக்குள் தேசியவாதிகள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். எல்லை தாண்டினால் ஒரு பாட்டின் பொருள் எப்படிப் புரண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

பிறகு இஸ்தான்புல் உஸ்குதாரிலிருந்து ஜெஸா வந்தார். எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். ‘ஜெஸா’ என்றால் தண்டனை. மஹ்ஸுனி தன்னைத் ‘துயருற்றவன்’ என்று சொல்லிக்கொண்டதும், இவர் தன்னைத் ‘தண்டனை’ என்று சொல்லிக்கொள்வதும் எனக்கு ஒரே பழக்கமாகத்தான் தெரிகிறது. சுலுகுலே என்ற பழைய ரோமா (ஜிப்ஸி) மக்கள் குடியிருப்பை நகரப் புதுப்பிப்பு என்று சொல்லி இடித்தபோது, அங்கே வளர்ந்த தஹ்ரிபாதி இஸ்யான் பையன்கள் அந்த இடிபாட்டைப் பற்றியே ராப் பாடினார்கள்.

‘சுசாமாம்’ ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

‘என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது’ என்பது பொருள். 2019 செப்டம்பரில் ஷானிஷெர் என்ற ராப்பர் பதினேழு பெயர்களை உடன் சேர்த்து வெளியிட்டார். கிட்டத்தட்ட 15 நிமிஷப் பாட்டு. இயற்கை, வறட்சி, சட்டம், கல்வி, விலங்குகள், பெண்கள் மேலான வன்முறை என்று ஆளுக்கொரு பகுதி. பெண்கள் பற்றிய இடத்தில் வேகம் நின்று தெனிஸ் தெகினின் மெல்லிய குரல் வரும். அந்த அமைதி மற்ற எல்லாரையும்விட உரக்கக் கேட்கும். ‘நான் பயந்துபோய் அரசியலிலிருந்து ஒதுங்கி நின்றேன், இன்று எனக்கு அநியாயம் நடந்தால் சொல்லக்கூட ஆளில்லை’ என்ற ரீதியில் தன் தலைமுறையையே குற்றம் சொல்கிறார் ஷானிஷெர். அதுதான் பலரைச் சுட்டது. சில நாளிலேயே கோடிக்கணக்கில் பார்த்தார்கள். அரசை ஆதரிக்கும் பத்திரிகைகள் சதி என்று எழுதின.

இன்றைக்குத் தாராளமாகப் பாட முடிகிறதா?

முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. அங்காரா ராப்பர் எஸ்ஹெல் 2018 மே மாதம், பாட்டு வரிகள் போதைப் பழக்கத்தைத் தூண்டுவதாகக் கைதானார். ஜூனில் நீதிமன்றம் விடுவித்தது. 2022இல் குர்தியப் பாடகி ஐனுர் தோவானின் கச்சேரியை ஒரு நகராட்சி ‘பொருத்தமில்லை’ என்று ரத்து செய்தது. இத்தனைக்கும் 2009 முதல் அரசுத் தொலைக்காட்சியே குர்திய மொழியில் ஒரு சேனல் நடத்துகிறது.

மொழி தெரியாது. எதிலிருந்து கேட்கலாம்?

செல்தாவின் ‘இன்ஜே இன்ஜே’யில் ஆரம்பியுங்கள், அதற்கு மொழியே வேண்டாம். அடுத்து ‘தாமிர்ஜி சிராய்’, கதை இப்போது உங்களுக்குத் தெரியும். பிறகு ருஹி சுவோ வேறு யாரோ பாடிய பீர் சுல்தான் பாட்டு ஒன்று. வார்த்தை எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிச் சரணத்துக்குக் காத்திருங்கள். ‘பீர் சுல்தான்’ என்று பெயர் வரும், அது மட்டும் தெளிவாகக் கேட்கும்.